தண்டுவட மரப்பு நோயும் கோடை வெப்பமும்

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதிற்குள் தோன்றுகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. இந்நோயாளிகளில் பெரும்பாலோர்க்கு வெப்பம் ஒவ்வாது. பார்வை மங்கல், கால் தளர்ச்சி, கடும் சோர்வு ஆகியவை வெயிலில் மிகுகின்றன. கோடை நீண்ட நம் நாட்டில் இது கருத்தில் கொள்ளத்தக்கதாகும்.

காரணம் என்ன?

மின்கம்பியின்மேல் காப்புறை இருப்பதுபோல் நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் உறை உண்டு. உடலின் தற்காப்பு ஆற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வுறையைத் தாக்கி அழிப்பதுதான் இந்நோய். உறை சிதைந்த நரம்பு, செய்திகளை அரிதின் முயன்றே கடத்துகிறது. உடலின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலும் அக்கடத்தல் தடைபடக்கூடும்.

ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-இல் இந்நிலையை விவரித்தார். உடலுழைப்பிற்குப்பின் நோயாளிகளின் பார்வை மங்குவதை அவர் கண்டார். உடல் வெப்ப உயர்வே இதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இரண்டிற்கும் வேறுபாடு

வெப்பத்தால் நரம்பிற்குப் புதிய சேதம் ஏற்படுவதில்லை. உடல் குளிர்ந்ததும் பழைய நிலை திரும்பும். புதிய அறிகுறிகளோ, பழைய அறிகுறிகளின் தீவிரமோ, காய்ச்சலோ தொற்றோ இன்றி 24 மணி நேரத்திற்குமேல் நீடித்தால் அது நோயின் மறுதாக்குதலாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும். காய்ச்சலும் உடல் வெப்பத்தை உயர்த்துவதால், சிறுநீர்த் தொற்று போன்றவற்றிற்குக் காலந்தாழ்த்தாமல் சிகிச்சை பெறுதல் அவசியம்.

குளிர்ச்சிக்கான வழிகள்

கடைத்தெரு வேலை, உடற்பயிற்சி ஆகியவற்றை அதிகாலையிலேயே முடித்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு முன் குளிர்ந்த நீரில் குளிப்பது நற்பயன் தரும். வெந்நீர்க் குளியல் கூடாது. குளியலறையிலேயே கால் தளர்ந்து விழ நேரிடலாம். தளர்ந்த பருத்தி ஆடையும் மண்பானை நீரும் துணை புரியும். சிறுநீரை அடக்க இயலாத நோயாளிகள் சிலர் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர், இது தீங்கானது.

இடத்திற்கேற்பவும் முறை மாறவேண்டும். டில்லி, ராஜஸ்தான், நாகபுரி ஆகிய பகுதிகளின் வறண்ட வெயிலில் வெட்டிவேர்த் தட்டியும் ஏர் கூலரும் நன்கு பயன்படும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதே காரணம். ஈரக்காற்று மிகுந்த மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற இடங்களில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. அங்குக் குளிர்நீர்க் குளியலும், துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமும், வசதியிருப்பின் குளிர்சாதனமும் உதவும். தொடுவுணர்வு குன்றியோர்க்குப் புண் ஏற்படக்கூடுமாதலால், பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைத்தல் ஆகாது.

சட்டமும் சமுதாயமும்

காலையில் நன்கு நடந்தவர் நண்பகலில் தள்ளாடும்போது, அதனைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ பிறர் எண்ணுவதுண்டு. இந்த ஐயத்தாலேயே வேலையை இழக்கும் நிலை வரலாகாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக இந்நோயையும் ஏற்றுள்ளது. குறைபாடுடைய ஊழியர்க்கு நியாயமான வசதிகளை அரசு நிறுவனங்கள் செய்து தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. காற்றோட்டமுள்ள இருக்கை, வெயிலுக்கு முன் தொடங்கும் பணிநேரம், நண்பகலில் சிறு ஓய்வு ஆகியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. இவை கிடைத்தால், நோயுற்ற ஓர் இளம் ஊழியர் கோடையிலும் தம் பணியைத் தொடர இயலும்.