சொண்டு நீண்டால் நகவெட்டியைத் தேடாதீர்கள்

ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடியில் காலை பத்து மணிக்குப் பிறகு மனிதக் குரல் கேட்பது அரிது. பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் போய்விட, வீட்டில் மிஞ்சுவது வயதானவர்களும் தொலைக்காட்சியும்தான். அதனால்தானோ என்னவோ, எம்மவர் வீடுகள் சிலவற்றில் ஒரு பறவைக்கூடும் இருக்கின்றது. ஊரில் நாங்கள் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லிப் பழகிய அதே அவுஸ்திரேலியக் குருவி. இங்கே அதன் பெயர் பட்ஜி.

எங்கள் வீட்டிலும் பச்சை நிறத்தில் ஒன்று இருந்தது. அம்மம்மாவுக்கு அதுதான் பகல் முழுவதும் பேச்சுத்துணை. அவ கேட்பதைக் கேட்டுக் கேட்டு, "சாப்பிட்டியா?" என்று அதுவும் கேட்கப் பழகியிருந்தது. ஒரு குளிர்காலத்தில் அதன் மேற்சொண்டு நீண்டு உள்நோக்கி வளைந்தது. விதையை எடுக்கும், உடைக்க முடியாமல் கீழே விடும். நாங்கள் என்ன செய்தோம்? ஒரு சனிக்கிழமை ஒருவர் பிடிக்க, மற்றவர் நகவெட்டியால் நுனியை வெட்டினோம். இரத்தம் வந்தது. நிற்கவில்லை.

எங்களுக்கு நடந்தது உங்கள் வீட்டிலும் நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

நகம் போன்றது, ஆனால் நகம் அல்ல

சொண்டின் வெளிப்புறம் எங்கள் நகம் போன்ற பொருளால் ஆனது. ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கொறிப்பதாலும், கடிப்பதாலும், மேலும் கீழும் ஒன்றோடொன்று உரசுவதாலும் தேய்ந்து அளவாக நிற்கும். ஆனால் உள்ளே எலும்பும், இரத்தக் குழாய்களும், நரம்புகளும் இருக்கின்றன. பிழையான இடத்தில் வெட்டினால் நோகும், பிளக்கும், இரத்தம் ஓடும்.

ஒரு பட்ஜியின் நிறை சுமார் 35 கிராம். அதன் உடலில் உள்ள இரத்தம் முழுவதும் ஏறக்குறைய 3 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாது. எங்களுக்குச் சில துளிகளாகத் தெரிவது அதற்குப் பெரும் இழப்பு. அன்று பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து சோளமாவை வைத்து மெதுவாக அழுத்திப் பிடித்ததால்தான் எங்கள் குருவி தப்பியது. அது முதலுதவி மட்டுமே. அதன் பிறகு வைத்தியரிடம் போயே ஆகவேண்டும்.

இன்னொன்று. பறவைக்கு எங்களைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்சு அசைந்தால்தான் மூச்சு வரும். பயத்தில் நாங்கள் இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு அடங்கிவிடலாம்.

ஏன் நீளுகின்றது?

கடிக்க ஒன்றும் இல்லாததால் வளர்ந்துவிட்டது, கணவாய் ஓடு வாங்கி வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்களும் நினைத்தோம். கணவாய் ஓடு கல்சியத்துக்கு நல்லது. ஆனால் அளவுமீறி நீண்ட சொண்டை அது குறைக்காது. பெரும்பாலும் காரணம் வேறெங்கோ இருக்கும்.

பட்ஜிகளில் முக்கியமானது ஈரல் வருத்தம். விதையை மட்டுமே தின்று, கூட்டுக்குள்ளேயே இருந்தால் ஈரலில் கொழுப்புப் படிகின்றது. சொண்டு வேகமாக வளரும். சொண்டிலும் நகத்திலும் கன்றிப்போனது போலக் கறுத்த கோடுகள் தெரியலாம்.

அடுத்தது சொறி உண்ணி. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர், சொண்டின் அடியிலும் கண்ணைச் சுற்றியும் தேன்கூடு போல வெள்ளைப் பொருக்கை உண்டாக்கும். நல்லெண்ணெய் பூசாதீர்கள். இறகில் எண்ணெய் பட்டால் குளிரைத் தாங்கும் சக்தி போய்விடும். வைத்தியர் நிறை பார்த்து ஐவர்மெக்ரின் போன்ற மருந்தைத் துளி அளவில் கொடுப்பார்.

விற்றமின் ஏ குறைவு, பழைய காயம், மேல் கீழ் சொண்டுகள் பொருந்தாமை, கட்டி என்பனவும் காரணமாகலாம். இறகும் கொட்டி, சொண்டும் உருக்குலைந்தால் அது மற்றப் பறவைகளுக்குத் தொற்றும் வைரசு நோயாகவும் இருக்கலாம்.

வைத்தியரிடம்

எல்லா மிருக வைத்தியர்களும் பறவை பார்ப்பதில்லை. நாங்கள் முதலில் தொலைபேசியில் கேட்ட இடத்தில் நாயும் பூனையும் மட்டும்தான் என்றார்கள். ஆகவே, "பறவைகளைப் பார்ப்பீர்களா? செலவு எவ்வளவு வரும்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் ஓஹிப் அட்டை குருவிக்குச் செல்லாது. செலவு விபரத்தைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வசதியைச் சொன்னால் எது முதலில் அவசியம் என்று வைத்தியரே சொல்வார். 1862இல் ரொறன்ரோவில் தொடங்கி, 1922இல் குவெல்ப் நகருக்கு மாறிய ஒன்ராறியோ மிருக வைத்தியக் கல்லூரி எங்களுக்கு அருகில் இருப்பதும் ஒரு பாக்கியமே.

குளிர்காலமாயின் முதலில் காரைச் சூடாக்கி, கூட்டைத் துணியால் மூடிக் கொண்டுபோங்கள். கூட்டின் அடியில் விரித்த கடதாசியைக் கழுவி எறியாதீர்கள். எச்சத்தைப் பார்த்தே பல விடயங்கள் தெரியும். வைத்தியர் நிறை பார்ப்பார், தேவையானால் இரத்தமும் எக்ஸ்ரேயும் எடுப்பார். துவாயில் சுற்றி, சிறிய சுழலும் அரத்தால் சொண்டைத் தேய்த்து வடிவமைப்பது சில நிமிட வேலைதான். ஈரல் காரணமானால் சொண்டு மீண்டும் நீளும், மீண்டும் போகவேண்டிவரும்.

அம்மம்மாவின் கவலை

எங்கள் குருவிக்கு ஈரல்தான். வைத்தியர் கேட்டார்: "என்ன சாப்பிடுகிறது?" சூரியகாந்தி விதை, தினை, இடைக்கிடை பாண். அம்மம்மாவின் முகம் வாடிவிட்டது. "நான்தானே குடுத்தனான்" என்றா. பசியறிந்த தலைமுறைக்கு, ஓர் உயிரின் தட்டை நிரப்பி வைப்பதைவிடப் பெரிய அன்பு தெரியாது. சோறும், குளிரும், கதிரையும் சேர்ந்து எங்கள் சனத்துக்குக் கொடுத்த சீனி வருத்தத்தை நினைத்தால், குருவியை மட்டும் குறை சொல்ல முடியுமா?

அதன் பின் பறவைகளுக்கான குளிகை உணவுக்குச் சிறிது சிறிதாக மாற்றினோம். ஒரேயடியாக மாற்றினால் அது பட்டினி கிடக்கும். கரட், பூசணி, முருங்கை இலை நறுக்கி வைத்தோம். அவகாடோ பறவைக்கு நஞ்சு, ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் சமையலறைத் தராசில் நிறை பார்த்து எழுதுவது அம்மம்மாவின் பொறுப்பானது. பறவை வருத்தத்தை மறைக்கும், தராசு மறைக்காது.

இடைக்கிடை வைத்தியரிடம் சொண்டு தேய்த்து, எங்கள் குருவி மேலும் மூன்று வருடம் இருந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்பதை அது விடவில்லை. அம்மம்மாவும் பதில் சொல்வதை விடவில்லை.

இன்று வேலையால் வந்ததும் உங்கள் குருவியின் சொண்டை ஒருதரம் வடிவாகப் பாருங்கள். நீண்டிருந்தால் நகவெட்டியை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுங்கள்.