21 நாள் கணக்கு

லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், என்று பயாப்சி முடிவு வந்ததும் வீட்டில் முதலில் எழுவது இரண்டு கேள்விகள். முடி கொட்டுமா? வாந்தி வருமா? இரண்டுக்கும் பதில் உண்டு, வரிசையில் வரட்டும். ஆனால் கீமோதெரபி எடுப்பவரின் உயிருக்கு உலை வைக்கக்கூடியது, பத்தாம் நாளையொட்டி ஒரு மாலையில் லேசாகத் தலைகாட்டும் காய்ச்சல். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ‘உடம்பு கொஞ்சம் கதகதன்னு இருக்கு’ என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

லிம்போமா ஒரே நோயின் பெயரும் அல்ல. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின், பிரேதப் பரிசோதனைகளில் தான் கண்ட விசித்திரமான நிணநீர்க் கட்டிகளைப் பற்றி 1832இல் எழுதினார். அதிலிருந்து தொடங்கிய பட்டியல் இன்று 60 வகைகளைத் தாண்டிவிட்டது. வகைக்கு வகை மருந்து வேறு, வேகம் வேறு, முடிவும் வேறு. சில வகைகளுக்கு உடனே சிகிச்சையே தேவையில்லை, கண்காணித்தால் போதும். அதனால் ‘எங்க பெரியப்பாவுக்கும் இதேதான்’ என்று வருகிறவர்களின் கதையைக் காதில் வாங்கிக்கொள்ளலாம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி வலிக்காமல் வளர்ந்தால், சாயங்காலம் காய்ச்சல் வந்தால், எடை குறைந்தால் டிபி என்ற சந்தேகம் முதலில் வருவது நியாயமே. ஆனால் சதையை எடுத்துப் பார்க்காமலேயே டிபி மாத்திரையைத் தொடங்கி, மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு லிம்போமா என்று தெரிய வருபவர்கள் உண்டு. ஊசி குத்தி உறிஞ்சிப் பார்ப்பது பெரும்பாலும் போதாது. கட்டியை முழுதாகவோ, நல்ல அளவு துண்டாகவோ எடுத்துச் சோதித்தால்தான் வகை தெரியும்.

இங்கே பேசப்போவது அதிகம் காணப்படும் ஒரு வகையைப் பற்றி: டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா. வேகமாக வளரும், ஆனாலும் ஏறக்குறைய 10 பேரில் 6 பேருக்கு முதல் சிகிச்சையிலேயே முற்றிலும் குணமாகிவிடும். அந்தச் சிகிச்சைக்கு ஆர்-சாப் என்று பெயர். ஐந்து மருந்துகள், 21 நாளுக்கு ஒரு முறை, வழக்கமாக ஆறு சைக்கிள்.

இந்த ஐந்தின் பூர்விகத்தைத் தெரிந்துகொள்வது சுவாரசியத்துக்காக மட்டுமல்ல, பக்கவிளைவுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு, போர்க்கள நச்சுவாயுவின் வாரிசு. மஸ்டர்ட் வாயு தாக்கியவர்களின் வெள்ளணுக்கள் சரிவதைக் கண்ட பிறகு, அதன் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை 1942 ஆகஸ்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு நிணநீர்ப் புற்றுநோயாளிக்குச் செலுத்தினார்கள். கட்டிகள் கரைந்தன, பிறகு திரும்பி வந்தன, அவர் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தார். போர் ரகசியம் என்பதால் செய்தி 1946இல்தான் வெளிவந்தது. டாக்ஸோரூபிசின், இத்தாலிய மண்ணில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரின் வழிவந்தது. பிரட்னிசலோன் ஸ்டீராய்டு. நான்காவது வின்கிறிஸ்டின், நம் வீட்டு வேலியோரத்து நித்தியகல்யாணி.

சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கிவைத்த அதே செடிதான். கனடாவில் ராபர்ட் நோபிள் 1950களில் இதன் இலைச்சாறு சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று சோதித்தார். சர்க்கரை அசையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் மளமளவெனக் குறைந்தன. அந்தத் தடத்தில் போய்த்தான் வின்பிளாஸ்டினும், பின்னர் வின்கிறிஸ்டினும் கிடைத்தன. இந்தச் செடி நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் மருந்துக்காகவே பயிராகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடக் கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுக்கும் சரக்கு அது. கஷாயத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க எந்த அடுப்பங்கரையிலும் வழியில்லை.

ஐந்தாவதான ரிட்டுக்சிமாப்தான் ஆட்டத்தையே மாற்றியது. பி செல்கள் என்ற வெள்ளணுக்களின் மேலுள்ள சிடி20 என்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள். அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. அதன் முதல் மாற்று வடிவத்தை 2007இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ். விலை இறங்கியதற்கு அந்தப் போட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் கீமோதெரபிக்கு இடமுண்டு; அட்டையைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

முதல் ஊசிக்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, ஹெபடைடிஸ் பி சோதனை. எப்போதோ வந்துபோய் ஈரலில் உறங்கும் அந்த வைரஸ், ரிட்டுக்சிமாப் போட்டதும் விழித்து ஈரலையே அழித்துவிடக்கூடும். முன்கூட்டித் தெரிந்தால் மாத்திரையால் தடுக்கலாம். இன்னொன்று, இளவயதினர் பிள்ளைப்பேறு பற்றிக் கேட்பது. ஆண்கள் விந்தணுவைச் சேமித்துவைப்பது ஒரு நாள் வேலை. அப்பா, அம்மா, மாமா என எல்லோரும் சூழ்ந்து நிற்கும் அறையில் இதை யாரும் எடுப்பதில்லை. டாக்டரிடம் தனியாக இரண்டு நிமிடம் கேளுங்கள்.

இனி நாள் கணக்கு. முதல் நாள் ரிட்டுக்சிமாப் சொட்டுச் சொட்டாக ஏறும். முதல் தடவை மட்டும் நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். பாதியில் குளிர் நடுக்கம் வந்தால் நர்ஸ் சொட்டை நிறுத்திவிட்டு, அடங்கியதும் மெதுவாகத் தொடங்குவார். தாக்கப்படும் செல்கள் வெளிவிடும் ரசாயனங்களால் வருவது அது. அடுத்தடுத்த தடவைகளில் பெரும்பாலும் தணிந்துவிடும்.

அடுத்து வருவது வார்டில் எல்லோரும் ‘செவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்ஸோரூபிசின். பெரிய சிரிஞ்சில் ரோஸ்மில்க்கைவிட அடர்த்தியான நிறம். நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து, சலைன் ஓடிக்கொண்டிருக்கும் குழாய் வழியே மெள்ளத் தள்ளுவார். நடுவில் நிறுத்திப் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். ஊசி நரம்புக்குள்தான் இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகிவிடும். அதனால் லேசாக எரிந்தாலும் “சிஸ்டர், எரியுது” என்று அந்தக் கணமே சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமை காட்டும் இடமில்லை இது. அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தமல்ல, மருந்தின் சாயம். இதயத் தசையையும் இந்த மருந்து பதம் பார்க்கும் என்பதால்தான் தொடங்குமுன் எக்கோ எடுக்கிறார்கள், வாழ்நாளுக்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம். ஆறு சைக்கிளில் 300 செலவாகிவிடும். எந்த மருந்து எவ்வளவு ஏறியது என்ற தாளைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

சைக்ளோபாஸ்பமைடின் கழிவு சிறுநீர்ப்பையின் உள்தோலை அரிக்கும். டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இரவிலும் எழுந்து போக வேண்டும்.

முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வாந்தியின் முறை. கீமோ மருந்து சிறுகுடலின் உட்சுவரில் உள்ள சில செல்களிலிருந்து செரட்டோனினைக் கொட்டவைக்கிறது. நரம்பு வழியாகச் சேதி மூளைக்குப் போய் வயிறு புரட்டுகிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த ஒண்டான்செட்ரான் இந்தச் சேதியைத்தான் மறிக்கிறது. தாமதமாக வரும் குமட்டலுக்கு வழி வேறு, அதற்கு அப்ரிபிட்டன்ட். மனநல மருந்தான ஒலான்சபைனும் சீட்டில் இருக்கலாம். கூகுளில் தேடிவிட்டு ‘எனக்கு எதுக்கு இது?’ என்று நிறுத்திவிடாதீர்கள், குறைந்த அளவில் குமட்டலுக்கு அருமையாக வேலை செய்யும். இந்த மாத்திரைகள் வாந்தி வந்தபின் போடுவதற்கல்ல, வராமலிருக்கப் போடுவது. முதல் சைக்கிளில் கட்டுப்படுத்தாமல் விட்டால் மூளை கற்றுக்கொண்டுவிடும். பிறகு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே குமட்டும்.

ஒண்டான்செட்ரான் மலத்தைக் கட்டும். வின்கிறிஸ்டின் குடலின் நரம்பையே மந்தமாக்கும். இரண்டும் சேர்ந்தால் நாலாம் நாள் வயிறு கல்லாகிவிடும். மலமிளக்கியை முதல் நாளே கேட்டு வாங்கித் தொடங்கிவிடலாம். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் எனிமா கூடவே கூடாது. ஆசனவாயில் ஒரு சிறு கீறல் போதும், கிருமி உள்ளே போக.

இதே ஐந்து நாட்களும் பிரட்னிசலோன் 100 மில்லிகிராம். காலையிலேயே போட்டுவிட்டால் இரவுத் தூக்கம் ஓரளவு தப்பும். சர்க்கரை தாறுமாறாக ஏறும். நீரிழிவு உள்ளவர்கள் வீட்டிலேயே தினமும் பார்த்துக்கொள்வது அவசியம். பசி கிளம்பும், சுறுசுறுப்பு வரும், ‘கீமோ இவ்வளவுதானா’ என்றுகூடத் தோன்றும். மாத்திரை நின்ற மறுநாள் தரைதட்டும். ஆறாம், ஏழாம் நாளில் வரும் அந்த அசதியையும் மனச்சோர்வையும் நோய் முற்றுவதாக எடுத்துக்கொண்டு கலங்குகிறவர்கள் பலர். ஓரிரு நாளில் விலகிவிடும்.

இப்போது அந்த இரண்டாம் வாரம். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை உற்பத்தி செய்கிறது. ரத்தத்தில் அவற்றின் ஆயுளோ மிகக் குறைவு. கீமோ, உற்பத்திச் சாலையைத் தாக்குகிறது. ஏற்கெனவே தயாராகி மஜ்ஜையில் காத்திருக்கும் அணுக்கள் சில நாள் தாக்குப்பிடிக்கும், பிறகு அதுவும் தீரும். அதனால்தான் ஊசி போட்ட மறுநாள் நன்றாக இருக்கும் கவுண்ட், ஒரு வாரம் கழித்துச் சரிந்து, பத்தாம் நாளையொட்டி அடிமட்டத்தைத் தொடுகிறது. உறக்கத்திலிருந்த மூல செல்கள் எழுந்து வேலையைத் தொடங்கி, மூன்றாம் வார முடிவில் பழைய நிலைக்கு வரும். 21 நாள் இடைவெளி யாரோ பஞ்சாங்கம் பார்த்துக் குறித்ததல்ல, மஜ்ஜை கேட்கும் அவகாசம்.

சீழ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்களைத்தான். சிவப்பது, வீங்குவது, சளி கட்டுவது எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அவை இல்லாதபோது நுரையீரலில் தொற்று இருந்தாலும் சளி இராது, புண் இருந்தாலும் சீழ் இராது. மிஞ்சும் ஒரே அடையாளம் காய்ச்சல். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால், இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டியதுதான். பாராசிட்டமால் போட்டால் அந்த ஒரே அடையாளமும் அழிந்துவிடும். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்காரக் கூடாது. ‘லிம்போமாவுக்குக் கீமோ எடுக்கிறார், இன்று பத்தாம் நாள், காய்ச்சல்’ என்று அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆண்டிபயாட்டிக் ஏறிவிட வேண்டும் என்பது மருத்துவர்களே தங்களுக்கு வைத்திருக்கும் இலக்கு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் சிலருக்குக் காலை வருவதற்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது.

கவுண்டைத் தூக்க ஜி-சிஎஸ்எஃப் ஊசி உண்டு. போட்டபின் இடுப்பும் முதுகும் விண்ணென்று தெறிக்கும். ‘எலும்புக்குப் பரவிவிட்டதோ’ என்று பயம் வரும். மஜ்ஜை முழுவீச்சில் வேலை செய்வதன் வலி அது.

இந்த நாட்களில் வரும் தொற்றுகள் பெரும்பாலும் நம் வாயிலும் குடலிலும் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகளால்தான். ஆகவே பார்க்க வருகிறவர்களை விரட்டுவதோடு பத்தியம் முடிந்துவிடாது. உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் வாய் கொப்பளிப்பது, மென்மையான பிரஷ், கை கழுவுவது ஆகியவைதான் காப்பு. நன்கு கழுவிய பழத்தையும் காயையும் அடியோடு விலக்குவதால் தொற்று குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கடையில் நறுக்கி வைத்ததை மட்டும் தவிர்க்கலாம். முட்டையும் பருப்பும் வேண்டும். பத்தியம் என்ற பெயரில் கஞ்சியை மட்டும் ஊற்றி ஆளை இளைக்கவைப்பது பாசம்தான், ஆனால் சிகிச்சைக்கு இடைஞ்சல்.

முடி? கொட்டும். மயிர்க்காலின் அடியில் வேகமாகப் பெருகும் செல்களையும் மருந்து அடிப்பதால், இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் கொத்தாகக் கிடக்கும். முன்பே மொட்டை போட்டுக்கொள்வது பலருக்கு நிம்மதி. மார்பகப் புற்றுநோய்க்கான கீமோவில் முடியைக் காக்கப் பயன்படும் குளிர்தொப்பியை லிம்போமாவுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. குளிரால் மருந்து எட்டாத இடத்தில் நோய் செல்கள் பதுங்கிவிடலாம். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி திரும்பிவிடும், சிலருக்குச் சுருட்டையாக.

மூன்றாவது வாரம் நல்ல வாரம். கல்யாணமோ கோயிலோ அலுவலகமோ, அந்த நாட்களில் போய் வரலாம். தினமும் நடப்பது கீமோவின் அசதியைக் குறைக்கிறது; படுத்தே கிடப்பது கூட்டுகிறது.

விரல் நுனி மரத்துப்போவதைப் பெரும்பாலோர் டாக்டரிடம் சொல்வதில்லை, அற்ப விஷயம் என்று. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரியவில்லை என்றால் அதை அப்படியே சொல்ல வேண்டும். வின்கிறிஸ்டினின் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஸ்கேன் அதைக் காட்டாது.

ஸ்கேன் காட்டுவது வேறு. பெட் சிடியில் கட்டிகள் எவ்வளவு சர்க்கரையை உறிஞ்சுகின்றன என்பதை ஈரலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். இறுதி ஸ்கேனில் 1, 2, 3 வந்தால் நோய் அடங்கியது என்று பொருள். கட்டியின் தழும்பு அங்கேயே இருக்கலாம்; அளவைப் பார்த்து மிரள வேண்டாம்.

ஆறு சைக்கிளும் முடிந்தபின் பி செல்கள் திரும்பி வர ஆறு மாதமோ, அதற்கு மேலோ ஆகும். அதுவரை தடுப்பூசி போட்டாலும் உடல் சரியாகக் கற்றுக்கொள்ளாது. உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கூடவே கூடாது. ஃப்ளூ ஊசியை உடனிருப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம், வீட்டில் ஒருவர் விடாமல்.