வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள்

தேக்கா நிலையத்தில் இனிப்பான தேநீர் குடிக்கிறீர்கள். பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் வெளிப்பூச்சான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மெல்ல ஈடுகட்டுகிறது. அதற்குத் துணையாகவே 1950களிலிருந்து சிங்கப்பூரின் குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது.

ஆனால், குழி விழுந்துவிட்டால் எனாமல் மீண்டும் வளராது. எனாமலில் நரம்பு இல்லாததால் தொடக்கத்தில் வலியும் தெரியாது. வலிக்கும்போது சொத்தை ஆழமாகப் போயிருக்கும். பல்லை அடைத்து முடித்திருக்கக்கூடிய வேலை, வேர்ச் சிகிச்சை வரை போகலாம். செலவும் பல மடங்கு கூடும்.

ஆகவே, பல் மருத்துவச் சலுகைகள் வலி வருவதற்கு முன்பே பயன்படுத்த வேண்டியவை. பள்ளிப் பல் மருத்துவச் சேவையில் உங்களுக்கு நாள் குறித்தால் தவறாமல் செல்லுங்கள். வீட்டில் நீல நிற சாஸ் அட்டை உள்ளதா? திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் பல் மருந்தகங்களில் பல் அடைத்தல் போன்ற சிகிச்சைகளுக்கு மானியம் உண்டு. மற்ற நிற அட்டைகளுக்குச் சலுகை மாறுபடும்.

பெற்றோரின் வேலையிடம் பல் காப்புறுதி தருகிறதா? அப்படியானால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் பொருந்துமா? எந்தெந்தச் சிகிச்சைகள் அடங்கும்? ஆண்டு வரம்பு எவ்வளவு? பெரும்பாலும், பயன்படுத்தாத தொகை அடுத்த ஆண்டுக்குத் தொடராது.

கடைசியாக எப்போது பல் மருத்துவரைப் பார்த்தீர்கள்? நினைவில்லை என்றால், இன்றே வீட்டில் பேசுங்கள்.