மூச்சு நிற்காத இசை



அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜி 1992-ல் வெளியிட்ட ஆல்பம் ‘பிரெத்லெஸ்’. அப்படின்னா ‘மூச்சில்லாமல்’ என்று பொருள். இரண்டு பாட்டு தவிர மற்றதெல்லாம் வெறும் இசைதான். ஆனாலும் அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது! அதிலுள்ள ‘ஃபாரெவர் இன் லவ்’ 1994-ல் கிராமி விருது வாங்கியது.

சாக்ஸபோன் பித்தளைக் கருவி. ஆனால் மரக்குழல் இனத்தில்தான் சேர்ப்பார்கள். ஏன் தெரியுமா? நாதஸ்வரம் போல இதிலும் நாணல் சீவாளி அதிர்ந்துதான் சத்தம் வருகிறது.

கென்னி ஜி கன்னத்தில் காற்றை அடக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுப்பார். இப்படி 1997-ல் ஒரே சுரத்தை 45 நிமிடம் 47 வினாடி ஊதி கின்னஸ் சாதனை செய்தார். நம்ம நாதஸ்வர வித்வான்களுக்கும் இந்த வித்தை தெரியும்.

நீங்களும் செய்து பாருங்க: டம்ளர் தண்ணீரில் பப்பாளிக் குழலை விட்டு, குமிழி நிற்காமல் ஊதணும். நான் மூக்கால் இழுத்ததுமே குமிழி நின்னுபோச்சு. தம்பி சிரிச்சான்!

‘இது ஜாஸே இல்லை, கற்பனை குறைவு’ என்று பெரிய கலைஞர்கள் சிலர் குறை சொன்னார்கள். இருக்கலாம். ஆனா ஜாஸ்னா என்னன்னே தெரியாதவங்களையும் உட்கார்ந்து கேட்க வைத்தாரே! அதுவும் பெரிய விஷயம்தானே?


– 9-ஆம் வகுப்பு மாணவி