உங்களுக்குத் தெரியுமா? முதல் சண்டையே உலகப் பட்டத்துக்கு!

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர் அமெரிக்கரான பீட் ராடமாக்கர். இறுதிப் போட்டியில் சோவியத் வீரர் லெவ் முகினை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். அந்தத் தெம்பில் தொழில்முறைக் களத்துக்கு வந்தவர், நேராகக் கேட்டது உலகப் பட்டத்தை! எதிராளியான சாம்பியன் ஃபிளாயிட் பேட்டர்சனுக்குத் தர வேண்டிய 2,50,000 டாலரையும் ராடமாக்கர் தரப்பே திரட்டியது.

1957 ஆகஸ்ட் 22, சியாட்டில். இரண்டாவது சுற்றில் பேட்டர்சனையே ஒருமுறை கீழே தள்ளிவிட்டார் புதுமுகம். அரங்கம் அதிர்ந்தது. அதற்குமேல் நடந்தது வேறு கதை. அடுத்தடுத்து விழுந்து எழுந்தவர், ஆறாவது சுற்றில் நாக்-அவுட்.

அமெச்சூர் போட்டி மூன்று சுற்று, மொத்தம் 9 நிமிடம். அன்றைய உலகப் பட்டச் சண்டையோ 15 சுற்று, 45 நிமிடம். மூச்சைப் பங்கிட்டுச் செலவழிக்கும் வித்தை பதக்கத்தோடு சேர்ந்து வருவதில்லை. ஆனால் தங்கம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது: ராடமாக்கரை வீழ்த்திய பேட்டர்சனும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்தான். என்ன, பட்டத்தைத் தொடும்முன் நான்கு வருடம் தொழில்முறையில் அடிவாங்கிப் பழகியிருந்தார்!