அடிக்கடி எலும்பு முறிகிறதா? குறை பெற்றோரிடம் இல்லை

தவழும் வயதில் ஒரு முறிவு. நடக்கத் தொடங்கியதும் இன்னொன்று. பள்ளிக்குப் போன பின் மீண்டும் ஒன்று. இத்தனைக்கும் பிள்ளை பெரிதாக எங்கும் விழவில்லை. இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டைப் பற்றிப் பேச்சு கிளம்பும். தாய்க்குக் கவனம் போதாது என்பார்கள், யாரோ அடித்திருப்பார்கள் என்பார்கள், திருஷ்டி என்றும் சொல்வார்கள். உண்மையான காரணம் பிறவியிலேயே வந்த ஓர் எலும்புக் கோளாறாக இருக்கலாம்.

அதன் மருத்துவப் பெயர் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒருவருக்கு இது வருகிறது. எலும்பு வெறும் சுண்ணாம்புச் சத்து அல்ல. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருப்பதுபோல் எலும்புக்குள் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மரபணுக் கோளாறால் அந்தக் கம்பி பலவீனமாகி விடுகிறது. அதனால்தான் பாலும் கால்சியம் மாத்திரையும் மட்டும் கொடுத்து இதைச் சரிசெய்ய முடிவதில்லை. சிலருக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதி நீலம் பாய்ந்திருக்கும். சிலருக்குப் பல் எளிதில் தேயும், காது மந்தமாகும்.

இந்நோயை மருத்துவ உலகம் புரிந்துகொள்ள நீண்ட காலம் ஆனது. 1788இல் சுவீடனைச் சேர்ந்த எக்மான் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வந்த எலும்பு முறிவை எழுதி வைத்தார். 1979இல் ஆஸ்திரேலியாவின் டேவிட் சிலென்ஸ் இதை நான்கு வகையாகப் பிரித்தார். 1998இல் கனடாவின் மொன்ட்ரியலில் டாக்டர் கிளோரியோ குழுவினர், கடுமையாகப் பாதிக்கப்பட்ட 30 பிள்ளைகளுக்கு பாமிட்ரோனேட் மருந்தை நரம்பு வழியாக ஏற்றிச் சில ஆண்டுகள் கவனித்து, முடிவை வெளியிட்டனர். முறிவுகள் குறைந்தன, வலியும் தணிந்தது. நோயை அடியோடு போக்கும் மருந்து அல்ல என்றாலும், பல பிள்ளைகளின் வாழ்க்கையை அது மாற்றியது.

ஒரு மருந்தின் பலனைச் சில ஆண்டுகளில் பார்த்துவிடலாம். நோயின் போக்கை அறியவோ, அதே நோயாளிகளை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அந்த நோக்கத்தில் வட அமெரிக்க மருத்துவமனைகள் பல கைகோத்து, 2014 முதல் ஒரே கூட்டமைப்பாகச் செயல்படுகின்றன. பருவ வயதைத் தாண்டியதும் முறிவு குறைவது வழக்கம். ஆனால் நோய் போய்விடுவதில்லை. முதுகு வளைவு, மூச்சுச் சிரமம், செவித்திறன் குறைவு ஆகியவை பின்னாளில் வரலாம். வளர்ந்துவிட்டான் என்று சிகிச்சையை நிறுத்துவது தவறு.

நம் சமுதாயம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. பெரும்பாலும் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்தோ, புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றத்தாலோ இந்நோய் வருகிறது. இருவருமே அறிகுறி இல்லாமல் கடத்தும் வகையும் உண்டு. இந்தியக் குடும்பங்களில் இவ்வகை அரிதல்ல என்பதை 2018இல் வெளியான மணிப்பால் மருத்துவர்களின் ஆய்வு காட்டியது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணமுடிக்கும்போது அதற்கான வாய்ப்பு கூடும். இவ்வகையில் அடுத்த பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

கரங்கான் வட்டாரப் பெற்றோர் செய்யக்கூடியவை இவை:

* எலும்பு முறிந்த இடத்தில் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், சுளுக்கு எடுக்கவும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு பிடித்த கையே இன்னொரு எலும்பை முறித்துவிடலாம்.
* குழந்தையைக் கையைப் பிடித்தோ அக்குளில் பிடித்தோ தூக்காமல், தலைக்கும் பிட்டத்துக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். அணையாடை மாற்றும்போது காலைப் பிடித்து உயர்த்த வேண்டாம்.
* கூலிம் அல்லது சுங்கைப்பட்டாணி அரசு மருத்துவமனையில் பழைய முறிவுகள் அனைத்தையும் சொல்லி, மரபணு சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவு உண்டு.
* எக்ஸ்ரே விவரங்களையும் மருத்துவரின் கடிதத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். பிள்ளையை அடித்தார்களோ என்ற சந்தேகம் எழும்போது அந்தக் கடிதம் கைகொடுக்கும்.
* சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

பயந்து பிள்ளையை வீட்டிலேயே உட்கார வைத்தால் தசையும் எலும்பும் மேலும் பலமிழக்கும். மருத்துவர் அனுமதித்தால் நீச்சல் நல்லது. படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. ஆசிரியரிடம் நோயை விளக்கிச் சொல்லுங்கள், அடுத்த மருத்துவச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.