மீண்டும் முதலிலிருந்து ஒரு சூப்பர்மேன்

2025 ஜூலை 12, சனிக்கிழமை. நாகபுரியில் விடியற்காலையிலிருந்தே மழை. பதினொன்றரை மணிக் காட்சிக்கு என் பேரன் ஒன்பது மணிக்கே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டான். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். "இப்பவே என்னடா அவசரம்?" என்று கேட்டேன். "நான் டிசம்பர்லேருந்து வெயிட் பண்றேன் தாத்தா" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். 'சூப்பர்மேன்' படத்தின் முதல் முன்னோட்டம் 2024 டிசம்பரில் வெளிவந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதே பேச்சு. எனக்கோ ஒரு விஷயம் பிடிபடவில்லை. சூப்பர்மேன் யார், எந்தக் கிரகத்திலிருந்து வந்தார், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எந்தப் பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் 1938இல் படக்கதையாக வந்த நாளிலிருந்து உலகம் அறிந்தது. முடிவும் தெரியும், அவர்தான் ஜெயிப்பார். அப்படிப்பட்ட கதைக்கு ஏழு மாதக் காத்திருப்பா?

"இது ரீபூட், தாத்தா" என்றான் பேரன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுவதைப் போல, பழைய படங்களை எல்லாம் மறந்துவிட்டுக் கதையைப் புதிதாகத் தொடங்குவதாம். எனக்கு அது என் தொழில் வழியாகத்தான் புரிந்தது. ரயில் பாதையில் இற்றுப்போன ஸ்லீப்பரை மட்டும் மாற்றுவது ஒரு வகை. தண்டவாளம், ஸ்லீப்பர் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது இன்னொரு வகை. வழித்தடம் அதேதான், ஸ்டேஷன்களும் அவைதான். ஆனால் புதுப்பாதையில் ஜல்லி படியும்வரை வண்டியை மெதுவாகத்தான் விடுவோம். ரசிகர்களும் அப்படித்தான் இருந்தார்கள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

என்னுடைய சூப்பர்மேன் வேறு. 1972இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு புத்தகம் எங்கள் தெருவில் இருபது கை மாறும். பிறகு பட்டயப் படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்த நாட்களில், ரிச்சர்ட் டானர் இயக்கி 1978இல் வெளியான 'சூப்பர்மேன்' பார்த்தேன். கிறிஸ்டோபர் ரீவ் என்ற அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே பறந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதில் பூகம்பத்தால் ரயில் பாதை உடைந்து போகும். எதிரே வண்டி வந்துகொண்டிருக்கும். சூப்பர்மேன் உடைந்த இடத்தில் தானே படுத்துக்கொள்வார். வண்டி அவர் முதுகின்மேல் ஓடிக் கடந்துவிடும்.

ரயில்வேயில் சேர்ந்த பிறகு அந்தக் காட்சியைப் பலமுறை நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். நம் பழைய டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் ஏறக்குறைய 112 டன். ஆறு அச்சு, பன்னிரண்டு சக்கரம். ஆக ஒரு சக்கரத்துக்கு 9 டன்னுக்கும் மேல். அதைத் தாங்குவது இருக்கட்டும், முதுகு தண்டவாள மட்டத்துக்கு ஒரு அங்குலம் ஏறி இறங்கினாலும் வண்டி தடம் புரளும் என்பதுதான் என் கவலை. எங்கள் ஊழியர்களில் இந்த வேலையைச் செய்கிறவருக்குக் கீமேன் என்று பெயர். தினமும் தன் பகுதியில் பாதையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். தண்டவாளம் விரிந்திருந்தால் படுத்துக்கொள்ள மாட்டார்; சிவப்புக் கொடியோடு 1200 மீட்டர் ஓடி, தண்டவாளத்தில் வெடி வைத்து வண்டியை நிறுத்துவார். மழையிலும் பனியிலும் அப்படி ஓடியவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காட்சியில் தியேட்டர் முழுவதும் கை தட்டியது, நானும் தட்டினேன். சரியான நேரத்துக்கு ஒருவன் வந்து சேர்ந்தான் என்ற நிம்மதிக்கு விழுந்த கைதட்டல் அது.

ரீவ் நடித்த நாலாவது படம் 1987இல் தோற்றது. 2006இல் பிராண்டன் ரௌத் வந்தார். பழைய பாதையிலேயே இரண்டு ஸ்லீப்பர் மாற்றிய மாதிரியான படம். 2013இல்தான் ஸாக் ஸ்னைடர் முழுப் பாதையையும் பெயர்த்தெடுத்தார். 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தின் ஹென்றி கேவில் பார்க்க மலை மாதிரி இருந்தார், ஆனால் சிரிப்பது அபூர்வம். சண்டையில் பாதி நகரம் இடிந்தது. கடைசியில் எதிரியின் கழுத்தை முறித்தே கொன்றார். அங்கேதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சூப்பர்மேன் கொல்லலாமா என்று ஒரு கட்சி. இந்தக் காலத்துக்கு இவர்தான் பொருத்தம் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. 2017இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில் ஸ்னைடரின் வேலையை மாற்றிவிட்டார்கள் என்று வருஷக்கணக்கில் குரல் கொடுத்து, 2021இல் அவருடைய நாலு மணி நேரப் படத்தையே வெளியிட வைத்தார்கள்.

2022 அக்டோபரில் கேவில், தான் திரும்ப வருவதாகவே அறிவித்தார். அதே டிசம்பரில், இல்லை, வரவில்லை என்றும் அவரே சொல்ல வேண்டியதாயிற்று. நிர்வாகம் மாறிவிட்டது, புதிதாகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் கன் இன்னும் இளமையான ஒருவரை வைத்து முதலிலிருந்து தொடங்கத் தீர்மானித்துவிட்டார். டேவிட் காரன்ஸ்வெட் என்ற, அதிகம் பேர் அறியாத நடிகரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே 2025 படத்துக்குக் காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் அது ஓடக்கூடாது என்றே காத்திருந்தார்கள். மாற்றலாகிப் போன அதிகாரியின் விசுவாசிகள் புது அதிகாரியை எப்படிப் பார்ப்பார்கள் என்பது ஆபீஸில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியுமே!

சர்ச்சை எதில் தொடங்கியது தெரியுமா? ஜட்டியில். காற்சட்டைக்கு மேலே சிவப்பு ஜட்டி போட்டவர் என்று நாம் கேலி செய்வோம் அல்லவா? ஸ்னைடர் அதை எடுத்துவிட்டார். கன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். காரன்ஸ்வெட் சொன்ன காரணம்தான் அவரை இணங்க வைத்ததாம்: சூப்பர்மேன் பயங்கரமான சக்தி உள்ளவர், குழந்தைகள் அவரைக் கண்டு பயந்துவிடக் கூடாது, அதனால் கொஞ்சம் கோமாளித்தனமாக உடுத்துவதில் தப்பில்லை என்றாராம். இதைப் பேரன் சொன்னபோது எனக்கு அந்த நடிகர்மேல் மரியாதை வந்துவிட்டது.

முன்னோட்டத்திலும் அதே தந்திரம். அடிபட்டுப் பனியில் விழுந்து கிடக்கும் சூப்பர்மேன் விசிலடிக்கிறார். கிரிப்டோ என்ற நாய் பாய்ந்து வருகிறது. பின்னணியில் 1978இல் ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசை, இப்போது கிடாரில். நாய் பேரனுக்கு, இசை தாத்தாவுக்கு! இரண்டு டிக்கெட்டை ஒரே நிமிஷத்தில் விற்றுவிட்டார்கள்.

படம் எங்கள் ஊரில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஓடியது. இந்தியில் பார்த்தோம். ரீபூட் என்றாலும், கிரகம் வெடிப்பதையும் குழந்தையை விண்கலத்தில் அனுப்புவதையும் மறுபடி காட்டிப் பொழுதைக் கழிக்கவில்லை. நாலு வரி எழுத்தில் முன்கதையை முடித்துவிட்டு, மூன்று நிமிஷத்துக்கு முன் சூப்பர்மேன் முதல் தடவையாகத் தோற்றார் என்று சொல்லித் தொடங்குகிறார்கள். ராட்சத மிருகத்தோடு சண்டை நடக்கும்போது நடுவில் ஒரு அணிலைக் காப்பாற்றி ஓரமாக விடுகிறார். முன்னோட்டமாகப் பார்த்தவர்களில் சிலருக்கு அந்த அணில் பிடிக்கவில்லையாம். இயக்குநர் அதை எடுத்துவிட்டுப் பிறகு மனசு கேட்காமல் சேர்த்தாராம். எங்கள் தியேட்டரில் பெரிய சிரிப்பு எழுந்தது அந்த இடத்தில்தான். இடையில் வரும் டி.வி. நிருபர் ஒருவர் மறைந்த கிறிஸ்டோபர் ரீவின் மகன் என்று பேரன் காதில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனத்தாங்கல். சூப்பர்மேனைப் பெற்றவர்கள் அனுப்பிய செய்தி பாதிதான் அவரிடம் இருக்கிறது. மக்களுக்கு உதவு என்ற அந்தப் பாதியைக் கேட்டுத்தான் ஆறுதல் அடைகிறார். வில்லன் மறுபாதியைக் கண்டுபிடிக்கிறான். அதில், பூமியை அடக்கி ஆள் என்று இருக்கிறது! 1978 படத்தில் மார்லன் பிராண்டோ எவ்வளவு கம்பீரமான தகப்பன்! இதில் பெற்றவர்களைக் கெட்டவர்களாக்கிவிட்டார்களே என்று ஆட்டோவில் வரும்போது பொருமினேன்.

இது புலம்பெயர்ந்தவனின் கதை என்று கன் வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவில் சிலருக்கு அதில் கோபம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கதையை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அதனால்தான் எனக்கு உறுத்தியது. திருச்சியை விட்டு வந்து நாற்பது வருஷமாகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த சேதிகளைத்தானே பிள்ளைகளுக்கும் பேரனுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

பேரன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "தாத்தா, அவங்க மெசேஜ்தானே அனுப்பினாங்க. கூட இருந்தது கான்சாஸ் அப்பா அம்மாதானே. லாஸ்ட்ல அவங்க வீடியோதானே போட்டுப் பாக்கறான்?" சிறிது நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவனே, "நீங்க கூடவே இருக்கீங்களே" என்று சேர்த்தான். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னானா, கதையைப் பற்றிச் சொன்னானா, தெரியாது.

அன்று இரவு திருச்சியிலிருந்து என் தங்கை பேரன் போன் செய்தான். அவன் தமிழில் பார்த்திருக்கிறான். நாய் சேட்டை செய்யும் இடங்களைத் தமிழிலேயே நடித்துக் காட்டினான் போலிருக்கிறது. இவன் விழுந்து விழுந்து சிரித்தான். புரியாத இரண்டு வார்த்தைகளுக்கு என்னிடம் வந்து அர்த்தம் கேட்டுக்கொண்டு போனான்.

அடுத்த படத்தின் பெயர் 'மேன் ஆஃப் டுமாரோ' என்றும், 2027 ஜூலை 9இல் வரும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். பேரன் இப்போதே காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டான். அதைத் திருச்சிக்குப் போய்த் தமிழில் பார்க்க வேண்டுமாம். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால்தான் எடுக்க முடியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.